வெள்ளைக் கட்டம்

கந்தோரில் நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் இல்லாமல் இல்லை. நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. முன்பு ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அது எழுதக்கூடாத இடம். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

பதுளை பஜாரிலிருந்து மேலே ஏறும் சந்தொன்றில், கீழே இரும்புக் கடையும் மாடியில் நாங்களுமாக இருந்தோம். ஊவா மாகாணத்திலுள்ள தோட்டங்களின் மழை அளவு, மண் வெடிப்பு பற்றி வரும் முறைப்பாடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் குடியிருக்கும் குடும்பங்களின் விபரம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, எந்த லயத்துக்கு எப்போது ஆபத்து என்று ஒரு பெரிய திரையில் வரைபடமாகக் காட்டுவது எங்கள் வேலை. படத்தைப் பார்த்துத் தோட்டக் கந்தோர்களுக்கு ஒரு பட்டியல் போகும். பட்டியலில் வரும் லயத்து ஆட்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடிய பிறகு, பலத்த மழை என்றால் மலையில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதனால் எங்கள் படத்துக்கு மதிப்பு இருந்தது.

நான் இதையே கொழும்பில் படித்துவிட்டு வந்தவன். ஏராளமான தரவைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி எப்படிக் காட்டுவது என்பதுதான் என் ஆராய்ச்சி. பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. தோட்டத்துக்குள் போனதென்றால் திருவிழாவுக்கு இரண்டு மூன்று தடவை போயிருப்பேன். மலையைத் திரையில்தான் எனக்குத் தெரியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மிஸ் எண்களைப் பதிய வந்தவர். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, அங்கிருந்தே நடந்து போய் உயர்தரம், ஏ.எல். வரை படித்தவர். குள்ளமான ஆள். சிரிப்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம். பையில் எப்போதும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் ஒரு சோடி ரப்பர் செருப்பும் இருக்கும். சவர்க்காரம் காலில் ஏறும் அட்டைக்கு, செருப்பு ஒற்றையடிப் பாதைக்கு. கந்தோரில் பிறந்தநாள் கேக் வெட்டினால் ஒரு துண்டை வாங்கிக் கடதாசியில் மடித்து வைத்துவிட்டு மறுபடி எண்களுக்குப் போய்விடுவார். கந்தோருக்குப் பொறுப்பான எங்கள் பெரிய சேருக்கு அவரைப் பிடிக்காது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

புதுத் திரை வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் பட்டனைத் தட்ட, மாகாணம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தது. ஆபத்து கூடக் கூட மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. எல்லோரும் கைதட்டி, சிவப்பாக இருந்த இடங்களைக் காட்டி, அது ஹல்துமுல்லைப் பக்கம், இது பசறைப் பக்கம் என்று பேசிக்கொண்டார்கள். மிஸ் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், வெள்ளையாக இருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

“இதுல ஆளு இல்லையா சேர்?”

“இருக்காங்க மிஸ். ஆபத்து இல்ல, அதான் வெள்ளை.”

“ஆபத்து இல்லன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எண் ஒண்ணும் வரல, அவ்வளவுதான்.”

“எண் வரலன்னா தெரியலன்னுதானே அர்த்தம்? தெரியாதது ஒண்ணு, ஆபத்து இல்லாதது ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே வெள்ளையா?”

பெரிய சேர் தொண்டையைச் செருமினார். நான் சிரித்து மழுப்பினேன். கேள்வி சின்னப்பிள்ளைக் கேள்விதான். ஆனால் என் படிப்பில் தீராமல் கிடந்த பெரிய கேள்விகளில் அதுவும் ஒன்று என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்துதான் எரிச்சல் வந்தது.

இந்தத் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மிஸ் யார் என்பது புரியும். தரவு நாளுக்கு நாள் பெருகும், திரை பெருகாது, கண்ணும் பெருகாது. எங்களுக்குச் சில தோட்டங்களில் தானியங்கி மழைமானி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண் அனுப்பும். வந்ததையெல்லாம் புள்ளியாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். ஆகவே கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் இருப்பதைச் சராசரியாக்கி, ஒரு நிறம் கொடுக்கிறோம். கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. விட்டதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிற ஒரு ஆள் கந்தோரில் இருந்தால் எப்படி இருக்கும்? மிஸ் அந்த ஆள்.

“செவப்ப எல்லாரும் பாப்பாங்க சேர். வெள்ளைய யாரு பாக்கிறது?” இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை.

ஒரு நாள் குடும்பங்களின் விபரத்தைத் திரையில் ஏற்றினோம். ஒரு தோட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி விழுந்தது. மிஸ் பக்கத்தில் வந்து பார்த்தார். அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

“இது ஸ்டோரு சேர். தேயில அரைக்கிற ஸ்டோரு. எங்க ஆளுங்க எல்லாம் மெசினுக்குள்ளயா படுத்திருக்கோம்?”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். லயத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. கதவு இலக்கம், தெருப் பெயர் ஒன்றுமில்லை. கடிதம் வந்தால் தோட்டத்தின் பெயருக்கு வரும், தோட்டக் கந்தோரில் கிடக்கும், யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் கணினி தோட்டத்தின் பெயரைத் தேடியிருக்கிறது. வரைபடத்தில் அந்தப் பெயர் தேயிலைத் தொழிற்சாலையின் மேல் இருந்திருக்கிறது. அத்தனை குடும்பத்தையும் கொண்டுபோய் அங்கே குவித்துவிட்டது. தொழிற்சாலை நல்ல கெட்டியான மேட்டில் இருந்தது. ஆட்கள் இருந்த லயங்களோ சரிவில், பத்து நிமிட நடைக்குக் கீழே கிடந்தன.

“இத எப்படித் திருத்துறது?” என்றேன்.

“நடக்கணும்” என்றார்.

நடந்தார். போயா லீவு நாளிலும் சனிக்கிழமையிலும் பஸ் ஏறிப் போய், கோயில், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம், தண்ணீர் பீலி என்று அடையாளம் வைத்து, லயம் லயமாகப் புள்ளி குறித்துக்கொண்டு வந்தார். அச்செடுத்த படத்தின் முதுகுப் பக்கம் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கும். எந்தக் காம்பிராவில் யார், யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் காது மந்தம் என்றெல்லாம். காம்பிரா என்பது லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒற்றை அறை. என் திரையில் அது ஒரு புள்ளிக்கும் தேறாது.

ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெமோதரையில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நடை. அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பன்னிரண்டு காம்பிரா உள்ள ஒரு லயம். பின்னால் சுவரை ஒட்டினாற்போல் மண்மேடு நின்றது. கடைசிக் காம்பிராக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். காலையில் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது சொன்னதைச் சொன்னபடி செய்து, முப்பது வருஷமாக ஒரு சொல் வாங்காதவர் என்று அவர் மனைவி பெருமையாகச் சொன்னாள். மகள் பிள்ளை பெற வந்திருந்தாள். பிளேன்டீ கொடுத்து, தொட்டுக் குடிக்க உள்ளங்கையில் சீனி வைத்தார்கள். எனக்கு நக்கத் தெரியாமல் சிந்திவிட்டேன். மகள் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

“மழைக்கி ஏறச் சொன்னா ஏறுவீங்களா?” என்று மிஸ் அவரிடம் கேட்டார்.

“கடுதாசி வந்தா ஏறுவோம் மிஸ். சும்மா போய்ப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்தா தோட்டத்துத் தொர கேப்பாரு, யாரு சொல்லி வந்தீங்கன்னு. லிஸ்ட்ல எங்க லயம் இருந்தா நான்தான் மொத ஆளு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காலில் இரண்டு அட்டை ஏறியிருந்ததைப் பார்த்து, மிஸ் பையிலிருந்த சவர்க்காரத்தை நீட்டினார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். தானியங்கி மழைமானி இல்லாத தோட்டங்களில் தோட்டக் கந்தோருக்கு முன்னால் ஒரு தகரக் குவளை நிற்கும். காலையில் பெரட்டு முடிந்ததும் கணக்கப்பிள்ளை அதிலுள்ள தண்ணீரை அளந்து எங்களுக்கு எண் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. ஆகவே அளப்பதும் இல்லை. ஞாயிறு காலை தொடங்கி மறுநாள் விடியும்வரை பெய்வது மட்டுமல்ல, சனி பெய்ததும் குவளைக்குள்ளேயே கிடந்து, திங்கள் காலையில் ஒரே எண்ணாக வரும். எங்கள் படிவம் வெற்றிடத்தை ஏற்றுக்கொள்ளாது. ஏதாவது ஒரு எண் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் பூச்சியம் போட்டார்கள். மிஸ்ஸும் போட்டார், போடும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு.

“ஞாயித்துக்கெழம மலையில மழையே பெய்யாதா சேர்? சாமிக்கும் லீவா?”

அவர் கேட்டது இரண்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமைப் பூச்சியத்தைப் பூச்சியமாகக் காட்டாமல், தெரியாது என்பதற்கு ஒரு தனி நிறம், சாம்பல் நிறம், கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை எண்ணை இரண்டு நாளுக்கும் சேர்ந்த எண்ணாகக் காட்ட வேண்டும். நியாயமான பேச்சு. ஒரு நாள் சோதனைக்காகச் சாம்பல் போட்டுப் பார்த்தேன். படத்தில் பாதி சாம்பலாகிவிட்டது. பெரிய சேர் பார்த்துவிட்டு, “இது என்ன படம், கிழிஞ்ச பாய் மாதிரி? நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாமளே போஸ்டர் ஒட்டுறதா?” என்றார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. என் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் ஒரு நல்ல படம் தேவையாக இருந்தது.

சாம்பலை எடுத்தேன். அதோடு நிற்கவில்லை. திங்கட்கிழமைகளில் எண்கள் எகிறிக் குதிப்பது படத்தைக் கெடுத்தது. முந்தின நாளையும் பக்கத்துத் தோட்டங்களையும் விட ஒரு எண் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தால், அதைப் பிழை என்று தானாக ஒதுக்கிவிடும்படி ஒரு வடிகட்டி எழுதினேன். படம் அப்படியே அமைதியானது. நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல மாறின. அவ்வளவு அழகான படத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை.

மிஸ் தான் பதிந்திருந்த எண்களை எடுத்து அந்தப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

“சேர், நீங்க பிழைன்னு கழிச்சது பூரா எங்க தோட்டத்து எண்ணு.”

“ஒரு லிஸ்ட் தாங்க மிஸ். எந்தெந்தத் தோட்டம்னு. பார்த்துக்கிறேன்.”

மறுநாளே கொடுத்தார். குவளையில் அளக்கும் தோட்டங்கள் எல்லாம், கீழ்ப்பிரிவு மேல்பிரிவு என்று பிரித்து, பென்சிலால் எழுதிய நாலு தாள். மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டேன். அதை அலட்சியம் என்று அப்போது நினைக்கவில்லை. வேலை நிறைய இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் தொடங்கிய மழை ஞாயிறு முழுக்கக் கொட்டி, திங்கள் காலையில் தூறலாகக் குறைந்திருந்தது. நான் எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போனபோது மிஸ் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தெமோதரைப் பக்கம் கட்டங்கள் வரிசையாகச் சிவந்திருந்தன. நடுவில் ஒரே ஒரு கட்டம் வெள்ளை. அவருடைய விரல் அதன்மேல் இருந்தது.

“சுத்தி வரச் செவப்பு. நடுவுல மட்டும் மழ பெய்யாமப் போயிருச்சா சேர்?”

“மலையில அப்படித்தானே மிஸ். ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் வெயிலடிக்கும்.”

“கணக்கப்பிள்ள ஏழு மணிக்கே கோல் எடுத்தாரு. டப்பா நெறஞ்சி வழிஞ்சி கெடக்காம். அளக்க முடிஞ்சத மட்டும் சொன்னாரு. நான் போட்டேன். போட்ட எண்ண ஒங்க வடிகட்டி தின்னுருச்சு.”

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அது அந்தக் கீழ்ப்பிரிவுக் கட்டம்தான். சுற்றியிருந்த தோட்டங்களில் தானியங்கி மழைமானி. ஞாயிறு மழையை ஞாயிற்றுக்கிழமையிலேயே பதிந்துவிட்டன. இங்கே மட்டும் ஞாயிறு பூச்சியம், திங்கள் மலைபோல ஒரு எண். பிழை என்று எடுத்துப் போட்டுவிட்டது நான் எழுதிய வடிகட்டி.

“வடிகட்டியக் கழட்டுங்க சேர்.”

“கழட்டினா மாகாணம் முழுக்க மறுபடி கணக்குப் போடணும் மிஸ். பின்னேரம் வரைக்கும் திரை வேலை செய்யாது. பத்து மணிக்குக் கொழும்பு ஆட்கள் வர்றாங்க. அவங்க சாப்பிடப் போனதும் செய்றேன்.”

“சரி, படத்த விடுங்க. லிஸ்ட்ல மட்டும் அந்த லயத்தச் சேருங்க.”

இதை நான் செய்திருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வரி. கணினிகூடத் தேவையில்லை. ஏன் செய்யவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். படத்தில் இல்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால், பிறகு படம் எதற்கு என்று கேட்பார்கள். அதுவும் அன்றைக்கு. என் படத்துக்கு ஒரு குறை வந்துவிடக்கூடாது என்றுதான் செய்யவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

“பார்ப்போம் மிஸ்” என்றேன்.

மிஸ் பையை எடுத்தார். சப்பாத்தைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டார். லீவுத் துண்டில் அரை நாள் என்று எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொழும்பு ஆட்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்து அசந்து போனார்கள். ஒருவர், இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் என்று என் முதுகில் தட்டினார். நான் வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் உடம்பால் அதை மறைத்துக்கொண்டு நின்றேனா என்று இப்போது யோசிக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். மிஸ் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. மழை மறுபடி பிடித்துவிட்டதால் வேலையை நிறுத்தி ஆட்களை லயத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மிஸ் ஒவ்வொரு காம்பிராவாகத் தட்டினார். பின்னால் மண்மேட்டிலிருந்து கலங்கல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சொல்லி, ஒன்பது காம்பிரா ஆட்களைக் கிளப்பிவிட்டார். பிள்ளைகளையும் அடுப்புச் சட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கடைசி மூன்று காம்பிரா மிச்சம். அந்த மூன்றும் கடைசிக் காம்பிராக்காரர் சொன்னால்தான் கிளம்பும்.

அவர் வாசலில் நின்று கேட்டாராம்: “லிஸ்ட்ல எங்க லயம் இருக்கா மிஸ்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனிதர் முதல் ஆளாகக் கிளம்பியிருப்பார். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். தெரியாததைத் தெரியும் என்று காட்டாதே, இல்லாததை இருக்கிறது என்று காட்டாதே என்று கந்தோரில் எங்கள் உயிரை வாங்கிய அதே ஆள், அங்கே நின்றும் உள்ளதைத்தான் சொன்னார்.

“லிஸ்ட்ல இல்லீங்க. ஆனா வாங்க. நான் சொல்றேன், வாங்க.”

“இருங்க மிஸ். தொரைக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன். புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு இந்த மழையில எங்க ஏத்துறது?”

அவர் தோட்டக் கந்தோருக்குப் போனார். அங்கே பட்டியலைப் பார்த்து, உங்கள் லயம் இல்லையே, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அது நாங்கள் அனுப்பிய பட்டியல். அவர் திரும்பி வந்து அதை மிஸ்ஸிடம் மரியாதையாகச் சொன்னார். மிஸ் அந்த மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வரவில்லை. பக்கத்துக் காம்பிராவில் இருந்த ஒரு கிழவியை மட்டும் மிஸ் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு பாதி வழி ஏறினார். அப்போது கீழே மண் இறங்கும் சத்தம் கேட்டது. மூன்று மணிகூட ஆகவில்லை.

நான் வடிகட்டியைக் கழற்ற உட்கார்ந்தது மூன்றேகாலுக்கு.

மண்ணிலிருந்து எல்லோரையும் எடுக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் மிஸ் அங்கேயே நின்றார். அவரிடம் இருந்த தாளின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துத்தான், எந்தக் காம்பிராவில் எத்தனை பேர், எந்த மூலையில் கட்டில் போட்டிருப்பார்கள் என்று தோண்டுகிறவர்களுக்குச் சொன்னார். ஐந்தாம் நாள் கந்தோருக்கு வந்து மேசைக்கடியில் இருந்த சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ஒரு பொய் சொல்லியிருக்கலாம் சேர். வாயில வரல.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பிறகு விசாரணை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பூச்சியம் ஏன் பதியப்பட்டது, பதிந்தது யார் என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். வடிகட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெரிய சேர், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும் என்றார். பதிந்தது யார் என்ற இடத்தில் மிஸ்ஸின் பெயரை, முதலெழுத்தோடு முழுப் பெயரை, தெளிவாக எழுதினேன். நான் அவர் பெயரை எழுதியது அந்த ஒரே தடவைதான்.

அவரைக் கூப்பிட்டு, பூச்சியம் போட்டது நீங்களா என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான் போட்டேன் என்றார். ஏன் என்று கேட்டபோது, வெறுமையாக விட்டால் படிவம் ஏற்காது என்றார். அதை யாரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் அதே அறையில் மூன்றாவது கதிரையில் உட்கார்ந்திருந்தேன். லாச்சியில் அந்த நாலு தாள் அப்போதும் இருந்தது. மிஸ் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லாமல் போனது.

சாம்பல் நிறத்தைப் பிறகு சேர்த்தேன். மிஸ் குறித்த புள்ளிகளின்படி குடும்பங்களைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்து லயத்தில் வைத்தேன். ஆள் இருந்து எண் வராத இடம் சாம்பல், ஆளே இல்லாத இடம் மட்டும் வெள்ளை. வடிகட்டி எதையாவது ஒதுக்கினால் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். கொழும்பில் எல்லோரும் பாராட்டினார்கள். தெரியாமையையும் காட்டும் புதிய முறை என்று என் கட்டுரை வெளிவந்தது. நன்றி சொல்லும் பகுதியில் பெரிய சேரின் பெயர் இருந்தது, மிஸ்ஸின் பெயர் இல்லை. எழுதினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். இன்று எழுதினால் பாவத்தைக் கழுவிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தச் சலுகையை எனக்கு நானே கொடுத்துக்கொள்ளக் கூடாது.

போன வருஷம் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க அந்தக் கட்டுரையின் பிரதி தேவைப்பட்டது. கந்தோர் மெசின் பழுது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஃபோட்டோகொப்பிக் கடையொன்றில் நுழைந்தேன். மெசினுக்குப் பின்னால் மிஸ் நின்றார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

“வாங்க சேர். எத்தன கொப்பி?”

“ரெண்டு” என்றேன். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்தார். படம் இருந்த பக்கம் வந்ததும் கை நின்றது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சாம்பல் போட்டுட்டீங்க.”

“ஆமா மிஸ்.”

“நல்லாத் தெரியுது.”

விரல் தாளின்மேல் மெல்ல நகர்ந்து தெமோதரைப் பக்கம் போனது. சிவப்பையும் சாம்பலையும் தாண்டி ஒரு கட்டத்தில் நின்றது. அது வெள்ளையாக இருந்தது. மிச்சமிருந்த குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், லயத்தையும் இடித்துவிட்டார்கள்.

“இதுல இப்ப ஆளு இல்லதானே சேர்?”

“இல்ல மிஸ்.”

“அப்ப இந்த வெள்ள சரி” என்று சொல்லிவிட்டு, தாளைக் கண்ணாடியில் வைத்து மூடி, பட்டனை அழுத்தினார்.